மகளுக்கு மருந்து, எங்களுக்கு ஓர் அறை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'குழுவால் நான் பெற்ற பயன்'. கறவை மாடு வாங்கியது, தையல் மிஷின் வாங்கியது, கடனை ஒழுங்காகக் கட்டியது, இதையெல்லாம் எனக்கு முன்னால் பேசிய அக்காமார்கள் நல்லா சொல்லிட்டாங்க. நானும் மிஷின் வாங்கினவள்தான். ஆனால் இன்னைக்கு அதைப் பேசப் போறதில்ல. 2017-ல் என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை வருஷம் வைத்தியம். அந்தக் காலத்தில் எங்களைத் தாங்கினவங்க சில பேர் இருக்காங்க. அவங்களுக்கு எந்த மேடையிலும் நான் நன்றி சொன்னதில்ல. அவங்க யாரும் இந்தப் பந்தலில் இல்லைன்னாலும் பரவாயில்ல, நீங்க கேட்கணும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியது எங்க ஊர் அங்கன்வாடி டீச்சருக்கு. பாப்பா அப்போதுதான் அங்கன்வாடி முடித்து ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். இரண்டு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் மூன்று முறை மருந்து கொடுத்தாங்க. குடிக்கும்போது குறையும், பிறகு வரும். ராத்திரியில் கால் வலிக்குதுன்னு அழுவாள். ஓடியாடி விளையாடுற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னாங்க. அங்கன்வாடி டீச்சர் தெருவில் பார்த்தவங்க பிள்ளையை நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. வெளுத்துக் கிடந்தது. பாவாடையைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே பார்த்தாங்க. அடிபடாத இடத்திலெல்லாம் கருநீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "நாளைக்கு இல்ல, இன்னைக்கே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சொல்லி, பஸ் வரும் வரைக்கும் கூடவே நின்னாங்க.

ஓயாத காய்ச்சல், வெளுத்த முகம், காரணமில்லாத கன்றல், எலும்பு வலி, கழுத்திலோ அக்குளிலோ கட்டி. இவையெல்லாம் இருந்தால் புற்றுநோய்தான் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டிய அடையாளங்கள். இன்றைக்கு வந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுக்காரங்க எல்லோருக்கும் இது தெரியும். நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

திண்டுக்கல் அரசு மருத்துவமனை அப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனை. மருத்துவக் கல்லூரி 2022-ல்தான் வந்தது. அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினாங்க. மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. அங்கே எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொன்னாங்க. இதெல்லாம் ஐந்து நாளில் நடந்தது. அந்த ஐந்து நாளில் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே படுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் போட்டாங்க. அன்றைக்குக் கூட்டம் கிடையாது, எனக்காகத் தனியாகப் போட்டது. சேமிப்பில் இருந்து 20,000 ரூபாய் உள்கடன், ஆறு மாதத்துக்கு வட்டி வேண்டாம் என்று தீர்மானம் எழுதி, படிக்கத் தெரியாத அக்கா இரண்டு பேர் கைநாட்டு வைத்து, பணத்தை என் முந்தானையில் முடிந்து அனுப்பினாங்க. சொந்தத்தில் ஒரு பெரியவர், "பொட்டப் பிள்ளைதானே, இவ்வளவு கடன் வாங்கி ஓடணுமா"ன்னு கேட்டார். எங்க ஊக்குநர் அக்கா அவருக்குக் கொடுத்த பதிலை மேடையில் சொல்ல முடியாது. நம் நாட்டில் புற்றுநோய் வைத்தியத்துக்கு வந்து சேரும் பிள்ளைகளில் பையன்கள்தான் அதிகம், பெண் பிள்ளைகள் குறைவு என்று டாக்டர்களே ஆராய்ச்சி செய்து எழுதியிருக்காங்க. நோய் பார்த்தா வருது? வீட்டிலிருந்து கிளப்புவதில்தான் வித்தியாசம்.

அடையாறு மருத்துவமனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அது யார் தொடங்கினது என்று எனக்கு அங்கே போகும் வரை தெரியாது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாதான். 1912-ல் டாக்டர் படிப்பு முடித்தவங்க, 1927-ல் சென்னை மாகாண சட்டசபைக்குள் போன முதல் பெண். அவங்க கூடப் பிறந்த தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்துபோனாங்க. அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் மனதில் வைத்திருந்து, இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டி, 1952-ல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்து, 1954-ல் 12 படுக்கையோடு திறந்தாங்க. மாதர் சங்கம், கேட்டீங்களா? நம்மைப் போல் சந்தாவும் தீர்மானமும் வைத்து நடந்த பெண்கள் சங்கம். இப்போதும் அந்த மருத்துவமனைப் பெயரோடு சங்கத்தின் பெயர் சேர்ந்தே இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவை நாட்டிலேயே முதலில், 1960-ல், தொடங்கியதும் அங்கேதான். 1955-ல் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா கடைசி வரை கல்யாணம் செய்யாமல் அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் 93 வயதில் காலமானாங்க. நாங்க அங்கே இருந்த காலத்தில் அவங்க உயிரோடு இருந்தாங்க. அந்த இடத்தில் ஒரு நோயாளியின் தாயைத் தள்ளி நில் என்று சொல்லாமல் பேசுகிற பழக்கம் மேலே இருந்து கீழே வரை இருந்தது. இப்படிப்பட்டவங்க நடத்தினதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

நமக்கும் அந்த மாதிரி ஓர் அம்மா உண்டு. சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தில் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. டாக்டர் சௌந்தரம் அம்மா உண்டாக்கினது. 1962-ல் நம்ம திண்டுக்கல் தொகுதி எம்.பி.யும் அவங்கதான். இந்தப் பந்தலில் பாதிப் பேர் அங்கேதான் பிள்ளை பெற்றிருப்போம், அல்லது பிறந்திருப்போம்.

சரி, வார்டுக்கு வருகிறேன்.

பிள்ளைகள் வார்டில் முதல் நாள் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. பாப்பாவுக்கு ரத்தம் குறைந்து கை எல்லாம் நூல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு சிஸ்டர் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினாங்க. "மூணாவது தடவை நான் குத்த மாட்டேம்மா, என்னைவிட நல்லா போடுறவங்களைக் கூட்டிட்டு வர்றேன்" என்று போய், வேறு வார்டில் இருந்து வயதான ஒரு சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. அந்தப் பெரிய சிஸ்டர் முதலில் தன் கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாங்க. ஊசியை எடுக்கவே இல்லை. "உங்க ஊர்ல என்ன விளையும் பாப்பா?"ன்னு கேட்டாங்க. "கத்திரிக்கா, முருங்கைக்கா, மல்லிகைப் பூ" என்று இவள் சொல்லச் சொல்ல வென்ஃப்ளான் உள்ளே போய்விட்டது.

சம்பளம் வாங்கித்தானே செய்யறாங்க, இதுக்கு என்ன நன்றி என்று சிலர் கேட்பாங்க. சம்பளம் ஊசி போடுவதற்குத்தான். "எனக்கு வரல, இன்னொருத்தரைக் கூப்பிடுறேன்" என்று நோயாளி முன்னால் சொல்வதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நான் பதினாறு வருஷமாகத் துணி தைக்கிறேன். ஒரு ரவிக்கையைக் கெடுத்துவிட்டு அப்படிச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வார்டைக் கூட்டித் துடைக்கும் ஓர் அக்கா இருந்தாங்க. கீமோ ஏறும் பிள்ளைக்குக் கிருமி பட்டால் அதுவே உயிரை எடுத்துவிடும். வெள்ளை அணுக்கள் இறங்கிப்போகும் அந்த நாட்களில் சாதாரணச் சளி கூட ஆபத்து. டாக்டர்கள் எங்களுக்குச் சொன்னாங்கதான். ஆனால் என் மனதில் பதியும்படி சொன்னது அந்தத் துப்புரவு அக்காதான். என் மாமியார் ஊரிலிருந்து வந்தவங்க நேரே கட்டிலில் போய் உட்காரப் போனாங்க. அக்கா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி, "பெரியம்மா, ரயில்ல வந்த சேலை அது. கையைக் கழுவிட்டு, அந்த ஸ்டூல்ல உட்காருங்க. பேத்தி எங்கேயும் ஓடிட மாட்டா" என்று சொன்னாங்க. என் மாமியாரை அப்படி அதட்டி யாரும் நான் பார்த்ததில்ல. அவங்களும் பேசாமல் போய்க் கையைக் கழுவினாங்க!

மருந்துப் பட்டியல் தலை சுற்றும். எந்தக் கிழமை எந்த மாத்திரை, எத்தனை அரை, எத்தனை கால், முதுகுத்தண்டில் ஊசி எப்போது, கவுண்ட் எவ்வளவு. நான் குழுவில் கணக்கு எழுதுபவள். அதனால் ஒரு நீள நோட்டு வாங்கி, நம்ம சேமிப்புப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டேன். தேதி, காய்ச்சல், கவுண்ட், மருந்து, கையெழுத்து. கையெழுத்துக் கட்டத்தில் யார் போடுவது என்று தெரியாமல் பாப்பாவையே கிறுக்கச் சொன்னேன். ஒருநாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தவர் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, கூட வந்த படிக்கிற டாக்டர் பிள்ளைகளிடம் காட்டினார். குழுவில் கணக்கு எழுதப் பழகினது எனக்கு எங்கே போய் உதவியிருக்கிறது பாருங்க.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், தங்கும் இடம்.

இந்த வைத்தியம் கட்டிலில் படுத்தே நடப்பதில்லை. முதல் மாதம் உள்ளே. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் வந்து போக வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் உடனே ஓட வேண்டும். திண்டுக்கல் 400 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குப் போய் இருக்கவும் முடியாது, வார்டில் இருக்கவும் முடியாது. அப்போ எங்கே இருப்பது?

காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துச் செலவு பெரும்பகுதி போய்விட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அப்போது வருஷ வருமானம் 72,000-க்குள் இருந்தால் கிடைக்கும். இப்போது 1,20,000 வரை. வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். அந்த அட்டை மட்டும் இல்லையென்றால் நாங்கள் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் அட்டை லாட்ஜுக்கு வாடகை கட்டாது.

முதல் இருபத்து மூன்று நாள் ஒரு லாட்ஜில் இருந்தோம். கணக்கு இன்றும் என் நோட்டில் இருக்கிறது. அறைக்கு நாளுக்கு 450, மொத்தம் 10,350. எனக்கும் வீட்டுக்காரருக்கும் கடைச் சாப்பாடு 4,600. ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு தடவை ஆட்டோ, 1,800. ஆக 16,750 ரூபாய். குழு கொடுத்த 20,000-ல் மீதி 3,250. அவர் மூட்டை தூக்கப் போகாததால் வரவு பூஜ்யம். அந்த லாட்ஜில் அடுப்பு வைக்க விட மாட்டாங்க. பத்து அறைக்கு ஒரே கக்கூஸ். பிள்ளைக்கோ அப்போது வேக வைத்த சாப்பாட்டைச் சூடாகத்தான் கொடுக்க வேண்டும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும். கடை இட்லியைச் சாப்பிட்டுப் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, திரும்ப ஆறு நாள் உள்ளே படுக்க வைத்தோம்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து, "ஊருக்குப் போயிருவோம். மதுரையில எதாச்சும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிருவோம். முடிஞ்ச வரைக்கும் பார்த்தாச்சு" என்றார். பிள்ளை மேல் ஆசை இல்லாமல் சொல்லவில்லை. கையில் 3,250 ரூபாய் வைத்துக்கொண்டு இரண்டரை வருஷத்தை எண்ணிப் பார்க்கிற மனுஷன் வேறு என்ன சொல்வார்?

எங்க பக்கத்துக் கட்டிலில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். அவங்க அம்மாவும் நானும் ஒரே பிளாஸ்கில் வெந்நீர் பகிர்ந்துகொண்டவங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் நின்று முகம் தெளிந்தது. அறுவடை நேரம், தங்க இடமும் இல்லை, நல்லாத்தானே இருக்கா என்று மூன்றாம் மாதத்தில் அழைத்துக்கொண்டு போனாங்க. ஏழெட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாங்க. நோய் திரும்பியிருந்தது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. நான் அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன், இங்கே யாரும் சொல்லவும் கூடாது. அந்த மூன்றாம் மாதத்தில் அவங்களுக்கு ஒரு கதவும் ஓர் அடுப்பும் கிடைத்திருந்தால் என்று மட்டும் இன்றுவரை நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறாங்க. ஏழை, நடுத்தர நாடுகளில் முப்பதுகூட இல்லை. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒரு காரணம், மருந்து கிடைக்காதது ஒரு காரணம். பாதி வைத்தியத்தில் விட்டுவிட்டுப் போவதும் ஒரு காரணம். மருத்துவமனையில் இருக்கும் சமூகப் பணியாளர்கள் இதற்காகவே பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாங்க. யார் இரண்டு முறை வரவில்லையோ, அவங்களுக்குப் போன் போகும்.

எங்க விஷயத்தில் போன் வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் துப்புரவு அக்கா வராந்தாவில் வீட்டுக்காரர் பேசியதைக் கேட்டிருக்காங்க. மறுநாள் காலையில் சமூகப் பணியாளர் ஒரு பொண்ணு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும், எங்களைத் தேடிக்கொண்டு வந்து, "ஊருக்குப் போறதா முடிவு பண்ணியிருக்கீங்களாமே, எனக்கு ரெண்டு நாள் மட்டும் கொடுங்க அண்ணே" என்று அவரிடம் கேட்டாங்க. இரண்டு நாள் மருத்துவமனையின் தர்மசாலையில் ஒதுங்கினோம். மூன்றாம் நாள், வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் வீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது.

வீடு என்றால் மாளிகை இல்லை. ஆறு குடும்பம். குடும்பத்துக்கு ஓர் அறை, இரண்டு கட்டில், ஓர் அலமாரி, பூட்டும் சாவியும். பொதுவான ஒரு சமையலறை, அதில் ஆளுக்கோர் அடுப்பு. அரிசி, பருப்பு, எண்ணெய் வாரம் ஒருமுறை அளந்து கொடுப்பாங்க. நாங்களே சமைக்கணும், நாங்களே துடைக்கணும். வாடகை கிடையாது. வார்டன் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வாங்க, கையைக் கழுவச் சொல்வாங்க. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டினால், தூக்கக் கலக்கத்தோடு எழுந்து ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் என்ன என்று கேட்பாங்க.

சாவியை என் கையில் கொடுத்த அன்றைக்கு முதல் வேலையாகக் குக்கரில் ஒரு கைப்பிடி அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி வைத்தேன். இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு என் கையால் வைத்த கஞ்சி. பாப்பா ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரியே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்கு வந்து, மறுநாளிலிருந்து மூட்டை தூக்கப் போனார். பிள்ளையும் நானும் பத்திரமாக ஓரிடத்தில் இருந்ததால்தான் அவரால் போக முடிந்தது. வாடகை மிச்சமானது மட்டும் இல்லை, ஒரு சம்பளம் திரும்பி வந்தது. இதை எல்லோரும் மறந்துவிடுறாங்க.

அடுத்த அறையில் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. பிள்ளையின் கவுண்ட் எவ்வளவு என்பதை விரலால் காட்டிக்கொள்வோம். அவங்க பையனுக்குக் கவுண்ட் ஏறினால் எங்க அறைக்குப் பருப்புப்பொடி வரும். ஏழு மாதம் அந்த வீட்டில் இருந்தோம்.

இந்த மாதிரி வீடு வெளிநாட்டில் எப்படித் தொடங்கியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் பிலடெல்பியா ஊரில் ஒரு கால்பந்து விளையாட்டுக்காரரின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மற்ற பெற்றோர்கள் நாற்காலியில் தூங்குவதை அவர் பார்த்தார். ஆட்ரி எவன்ஸ் என்ற பெண் டாக்டருக்கும் ஒரு வீடு இருந்தால் நல்லது என்ற எண்ணம். இருவரும் சேர்ந்து, இன்னும் பலர் பணம் போட்டு, 1974-ல் முதல் வீட்டைத் திறந்தாங்க. நம் நாட்டில் 2006-ல் மும்பையில் செயின்ட் ஜூட் குழந்தைகள் நல மையம் தொடங்கியது; இப்போது சென்னையிலும் வேலூரிலும் அவங்களுக்கு வீடுகள் உண்டு. மருத்துவமனை எழுதிக்கொடுத்தால்தான் இடம் கிடைக்கும். ஆகவே போன முதல் நாளே, வெட்கப்படாமல், "சமூகப் பணியாளர் எங்கே உட்கார்றாங்க?" என்று கேளுங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லாமல் இருபத்து மூன்று நாள் போச்சு.

இன்னும் இரண்டு விஷயம் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் நோயாளிக்கு வைத்தியத்துக்குப் போய்வர ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு இலவசம். கூடப் போகும் ஒருவருக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். அடுத்தது ரத்தம். பாப்பாவுக்கு பிளேட்லெட் இறங்கினபோது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து நான்கு பேர் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு ராத்திரி ரயில் ஏறி வந்தாங்க. ஒருத்தர் பேரும் எனக்கு முன்னே தெரியாது. ஆம்பிளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆனால் ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். நம்ம குழுவில் பரிசோதித்துப் பார்த்தபோது அந்த அளவு இருந்தவங்க மூன்றே பேர். அது வேறு பேச்சு, இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

முடி கொட்டின பிறகு பாப்பா கண்ணாடி பார்க்க மாட்டாள். அந்தப் பெரிய சிஸ்டர், "உங்க ஊர் மல்லிகைன்னு சொன்னியே, முடி முளைச்சதும் எனக்கும் கொண்டு வா, ரெண்டு பேரும் வச்சுக்கலாம்" என்று சொல்லிவைத்தாங்க. அடுத்த வருஷம் தலையில் முளைப்பாரி மாதிரி முடி வந்தது. பரிசோதனைக்குப் போகும்போது நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் வாங்கிக் கட்டி, ஈர வாழை இலையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போனாள். டியூட்டியில் பூ வைக்கக் கூடாதாம். சிஸ்டர் வாங்கி முகர்ந்து பார்த்து, பையில் வைத்து, வீட்டுக்குப் போய் வைத்துக்கொண்டு போட்டோ அனுப்பினாங்க. துப்புரவு அக்காவுக்கும் ஒரு முழம் கொண்டு போயிருந்தோம். அவங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டாங்க என்றாங்க. தேடிப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

2019 டிசம்பரில் மருந்தை நிறுத்தினாங்க. ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. ஒரு வருஷப் படிப்பு போச்சு, மற்றபடி இப்போது எட்டாம் வகுப்பு. அதோ, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்கிறாளே, அவள்தான். இதை நான் சொல்லிவிட்டேன் என்று வீட்டில் சண்டை போடுவாள்.

எங்க குழுவில் நான்கு வருஷமாக ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். ஆளுக்கு மாதம் பத்து ரூபாய், சேமிப்போடு சேராது, கடனாகவும் போகாது. யார் வீட்டிலாவது பிள்ளையை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் முதல் வாரத்துக்கு அதிலிருந்து கொடுக்கிறோம், ஓர் ஆளும் கூடப் போகிறோம். இதுவரை இரண்டு குடும்பத்துக்கு உதவியிருக்கிறது. பன்னிரண்டு பேர் குழுவில் வருஷத்துக்கு 1,440 ரூபாய்தான் சேரும். ஒரு குழுவுக்கு அது சின்னக் காசு. கூட்டமைப்பில் இருக்கும் எல்லாக் குழுவும் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று பொருளாளர் அக்கா கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி எங்க குழு சார்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போது அவசரமாக ஒன்று. நம்ம கூட்டமைப்பு உறுப்பினர் ஒருத்தர் வீட்டுப் பையன், ஒன்பது வயது, இந்த வியாழக்கிழமை ராத்திரி சென்னைக்குப் போகிறான். அப்பா, அம்மா இரண்டு பேரும் போகணும். நான் முதல் நான்கு நாள் அவங்களோடு போகிறேன். சமூகப் பணியாளரைப் பார்த்து, தங்க இடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். வீட்டில் கறவை மாடு இரண்டு, நாலாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி ஒருத்தி. காலையும் சாயங்காலமும் பால் கறக்க ஓர் ஆள், அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு ராத்திரி கூடப் படுக்க ஓர் ஆள் வேண்டும். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் குழுக்காரங்க யாராக இருந்தாலும், சாப்பாட்டுக்கு இலை போடும் முன்னால் என்னிடம் பெயர் கொடுங்க. நோட்டு கையிலேயே வைத்திருக்கிறேன்.